கோயில் சுவர் வளைந்த கதை

அளவுக் கயிற்றின் நுனியைப் பிடித்திருந்த ஆள், காட்டுப்பூவரசு மரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றான்.

சுனையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு மேடேறி வந்த நான், குடத்தை இடுப்பில் வைத்தபடியே நின்றுவிட்டேன். காலை மூட்டம் இன்னும் முழுதாக விலகவில்லை. வெட்டிப் போட்ட புதரின் பச்சை வாசனையும் கொத்திய மண்ணின் ஈர வாசனையும் கலந்து வந்தன.

கோயிலை அளக்க வந்த என்ஜினீயர் இளவயதுக்காரர். குளிர் தாங்காமல் மப்ளரைக் காதோடு சேர்த்துக் கட்டியிருந்தார். "பழைய மதில் அஸ்திவாரம் இதுவரைக்கும் வந்திருக்கு. மரம் உள்ள வந்துடுது. வேரோட தோண்டி எடுத்துட்டு, மண்ணை இறுக்கித் தளக்கல் போட்டாத்தான் பிராகாரம் நிக்கும்" என்றார்.

என் பக்கத்தில் நின்ற லெட்சுமியக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலித்தது. விடச் சொல்லவும் தோன்றவில்லை.

அந்த மரத்தடியில்தான் என் மகனைப் புதைத்திருந்தோம். தவழத் தொடங்கிய வயதில் போனவன். அது கோயிலுக்கு உள்பக்கம் என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. மதிலே மண்ணுக்குள் கிடந்தது.

இரண்டு மண்டபங்கள்

இலங்கையிலிருந்து கப்பலேறி வந்ததையும் மண்டபம் முகாமில் கிடந்ததையும் இந்தத் தொடரில் எழுதியபோது, "அதற்கப்புறம் எங்கே குடியிருந்தீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கோயிலில் குடியிருந்தோம் என்பதுதான் பதில். அந்தப் பதிலை எழுதக் கை வராமல் வேறு எதையெதையோ எழுதிக்கொண்டிருந்தேன். இனியும் தள்ளிப்போட முடியாது.

கடலோரத்து மண்டபம் முகாமிலிருந்து எங்களை மலைக்குக் கூட்டிவந்தவர் ஒரு குத்தகைக்காரர். வாட்டில் மரம் வெட்டிப் பட்டை உரிக்கிற வேலை. தோல் பதனிட அந்தப் பட்டை போகும். "தேயிலை மலையில இருந்தவங்கதானே, உங்களுக்கு இந்தக் குளிர் பழக்கந்தான்" என்றார். வீடு இருக்கிறது என்றும் சொன்னார்.

பூண்டிக்கும் மன்னவனூருக்கும் நடுவே, ரோட்டை விட்டு விலகி வடக்கே சரிகிற ஒரு பள்ளத்தில் லாரி எங்களை இறக்கிவிட்டது. வீடு இல்லை. இலங்கையில் நாங்கள் இருந்த லயத்து அறைகளைப் போல வரிசையாய்க் கட்டித் தருவதாகப் பேச்சு. அதுவரைக்கும் என்று மேஸ்திரி கை நீட்டிக் காட்டிய இடத்தில், மரங்களுக்கு நடுவே ஒரு கல் மண்டபம் நின்றது. தலைக்கு மேலே கல். மூன்று பக்கம் திறப்பு. பின்பக்கம் இருண்ட ஒரு வாசல், அதற்குள் பாதி உயரத்துக்கு மண்.

கடலோரம் ஒரு மண்டபம், மலையில் ஒரு மண்டபம் என்று என் வீட்டுக்காரர் ராமையா சொன்னார். அவர் அதிகம் பேசாதவர். அன்று அதைச் சொல்லிவிட்டுச் சிரித்ததும் நினைவிருக்கிறது.

சாக்குப் படுதாக்களைக் கட்டி மண்டபத்தைக் குடும்பத்துக்கு ஒரு பகுதியாகத் தடுத்துக்கொண்டோம். என் பங்குக்கு வந்த தூணில் ஒரு பெண் நடனமாடிக்கொண்டிருந்தாள். தூக்கிய அவள் கையில்தான் துணிப்பையை மாட்டுவேன். அடுப்புப் புகை ஏறி ஒரு மழைக்காலத்துக்குள் அவளும் எங்களைப் போலக் கறுத்துப் போனாள்.

லெட்சுமியக்கா பக்கத்துத் தடுப்பில் இருந்தாள். புருஷனைக் கப்பலுக்கு முன்பே பறிகொடுத்தவள். இலங்கையில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலை நாங்களேதான் கட்டினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கல் சுமந்ததில் அவள் பங்கும் உண்டு. அந்தப் பழக்கத்தில் வெள்ளிக்கிழமை தோறும் அந்த இருண்ட வாசலில் ஒரு விளக்கு வைத்தாள்.

"உள்ள எந்தச் சாமிக்கா?" என்று கேட்டால், "எந்தச் சாமியா இருந்தா என்ன, நம்மள இருக்க விட்டுச்சில்ல" என்பாள்.

மழை

என் மகள் கப்பலில் வரும்போதே நடக்கத் தெரிந்தவள். மகன் அந்த மண்டபத்தில் பிறந்தான். லெட்சுமியக்காதான் பார்த்தாள். வெளியே மூடுபனி இறங்கி மரங்களே தெரியாமல் போன ஒரு பகல் நேரம். குளிர்காலம் முழுக்க அவனை என் பழைய சேலைக்குள்ளேயே வைத்திருந்தேன். அடுப்படிக் கல் சூடாக இருக்கும், அதில் முதுகு வைத்து உட்கார்ந்து பால் கொடுப்பேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று பக்கமும் திறந்த மண்டபத்தில் சாரலுக்குத் தடை கிடையாது. சாக்கு நனைந்தால் காயாது. பையனுக்கு முதலில் சளி, பிறகு காய்ச்சல், பிறகு மூச்சு இழுப்பு. ராமையா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பூண்டிக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். ரோட்டில் மண் சரிந்து கிடந்தது, வண்டி எதுவும் வரவில்லை. கொடைக்கானல் ஆஸ்பத்திரி எங்கேயோ இருந்தது.

திரும்பி வரும்போது அவர் தோளிலிருந்து பையனை நான் வாங்கவில்லை. வாங்கினால் தெரிந்துவிடும் என்று இருந்தது. அவருக்கும் தெரிந்திருக்கிறது.

மண்டபத்துக்குப் பின்னால் கொஞ்சம் மேடான இடத்தில் காட்டுப்பூவரசு ஒன்று தனியாக நின்றது. தண்ணீர் தேங்காத இடம் அது ஒன்றுதான். ராமையா தோண்டினார். மண்வெட்டி இரண்டு மூன்று இடத்தில் கல்லில் பட்டு ஒலித்தது. ஏதோ பாறை என்று நினைத்துத் தள்ளித் தோண்டினார். அது மதிலின் அஸ்திவாரம் என்று பிறகுதான் தெரிந்தது.

பழனியிலிருந்து ஒருவர்

அடுத்த வருஷம் கோடை மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், பள்ளத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து ஒரு ஆள் ஏறி வந்தார். வேட்டி முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தது. கால் முழுக்க அட்டை கடித்த ரத்தம். நெற்றியில் மட்டும் விபூதி அழியாமல் இருந்தது.

மண்டபத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். படிக்கட்டின் இரண்டு பக்கமும் பாசி மூடிக் கிடந்த கல் யானைகளைத் தடவினார். அழுகிறாரா மழையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அப்புறம் நிமிர்ந்து பார்த்தார். கொடியில் துணி தொங்கியது. லெட்சுமியக்கா அடுப்பில் கருவாடு சுட்டுக்கொண்டிருந்தாள்.

"அடப்பாவிகளா! சன்னதிக்கு முன்னால கருவாடா சுடுறீங்க? இது என்ன எடம்னு நெனச்சீங்க?"

தொண்டை கட்டும் வரை சத்தம் போட்டார். பேசி முடித்தபோது அவர் பற்கள் குளிரில் அடித்துக்கொண்டன. லெட்சுமியக்கா கருவாட்டை எடுத்து ஒதுக்கினாள். கையைக் கழுவிவிட்டு வந்து ஒரு தகரக் குவளையை நீட்டினாள்.

"தேத்தண்ணி, சாமி. சூடாறுறதுக்கு முந்திக் குடிங்க. ஏசுறத பொறகு ஏசலாம்."

வேண்டாம் என்று தலையசைத்தார். கொஞ்ச நேரம் கழித்து வாங்கிக் குடித்தார்.

அவர் பெயர் சண்முகப் பண்டாரம். பழனி அடிவாரத்தில் விபூதி, குங்குமம், சின்னச் சின்னப் பித்தளை வேல்கள் விற்கிற கடை வைத்திருந்தார். அவருடைய முன்னோர்கள்தான் இந்தக் கோயிலில் பூசை செய்தவர்கள். எங்கே இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. வடக்கே இறங்குகிற பழைய பாதை, படியில் இரண்டு யானை, பக்கத்தில் வற்றாத சுனை, அவ்வளவுதான் அடையாளம். கடைச் சோலி முடிந்த போதெல்லாம் மலையேறித் தேடியிருக்கிறார். அன்றைக்கு எங்கள் அடுப்புப் புகையைப் பார்த்துத்தான் அந்தப் பக்கம் ஏறினாராம்.

பொதிமாட்டுச் சாமி

மழை விடும்வரை படியில் உட்கார்ந்து அவர் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். எந்த ராஜா கட்டினான் என்று அவருக்கும் தெரியாது. பிற்பாடு வந்து கல்லில் இருந்த எழுத்தை ஆராய்ந்தவர்கள் பாண்டியர் காலமாக இருக்கலாம் என்றார்கள். பாதி எழுத்து தேய்ந்து போயிருந்தது. யாரோ ஒரு அம்மாள் விளக்கெரிக்கும் நெய்க்காக ஆடு தானமாக விட்டிருக்கிறாள் என்று மட்டும் படிக்க முடிந்தது.

ரோடு என்பதே இல்லாத காலம். கீழ்நாட்டிலிருந்து உப்பும் துணியும் சுமந்துகொண்டு பொதிமாடுகள் இந்த வழியாகத்தான் மேலே ஏறும். திரும்பும்போது மிளகு, ஏலம், தேன். ஏறுகிறவன் கும்பிட்டுவிட்டு ஏறுவான், இறங்குகிறவன் கும்பிட்டுவிட்டு இறங்குவான். வியாபாரம் பெருக, கோயிலும் பெருகியது. முன் மண்டபம் வந்தது, மதில் வந்தது, தைப்பூசத்துக்குத் தேர் போல ஒரு சப்பரம் வந்தது. சாமி பெயர் வேலாயுதசாமி. பொதிக்காரர்கள் பொதிமாட்டுச் சாமி என்று கூப்பிட்டார்கள்.

"அப்ப இந்த மண்டபம் எதுக்குங்கய்யா கட்டுனாங்க?" என்று ராமையா கேட்டார். அன்று அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

சண்முகம் ஐயா கொஞ்சம் தயங்கினார். "பொதிக்காரவுக தங்குறதுக்குத்தான். சமைச்சுத் தின்னுட்டுப் படுத்துக் கெடந்துட்டு, வெள்ளனே எந்திரிச்சுப் போவாக."

ஒதுக்கி வைத்த கருவாட்டை லெட்சுமியக்கா மறுபடி அடுப்புக்கு நகர்த்தினாள்.

பிறகு வெள்ளைக்காரர்களுக்காக மறுபக்கத்தில் ரோடு போட்டார்கள். மாட்டுக்கு இங்கே வேலை இல்லாமல் போயிற்று. முதலில் சப்பரம் நின்றது. பிறகு திருவிழா. பிறகு தினப்படி நைவேத்தியத்துக்கு அரிசி வருவது நின்றது. சண்முகம் ஐயாவின் தாத்தா கடைசி வரைக்கும் ஒண்டியாக இருந்து பார்த்திருக்கிறார். ஒரு கொள்ளைக் காய்ச்சல் வந்து கீழ்க் குடியிருப்பும் காலியான பிறகு, வெண்கல உற்சவரை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு பழனிக்கு இறங்கிவிட்டார். அந்த உற்சவர் அன்று முதல் அவர்கள் வீட்டு மாடத்தில்தான் இருந்தார்.

"வந்துருவோம்னு சொல்லிப்புட்டுத்தான் மூலவரை விட்டுட்டு வந்தாராம் எங்க தாத்தா. எங்கப்பாவும் வரல. நாந்தான் வந்திருக்கேன்" என்றார்.

சுனையோரம்

அதன் பிறகு அவர் அடிக்கடி வந்தார். வரும்போது எங்கள் பிள்ளைகளுக்குப் பொட்டலத்தில் கற்கண்டும் பேரீச்சம்பழமும் இருக்கும். கோயிலைச் சுற்றி இருந்த புதரை அவருக்காக நாங்களே வெட்டினோம். இருண்ட வாசலுக்குள் இருந்த மண்ணை ராமையாவும் மற்ற ஆண்களும் கூடை கூடையாக எடுத்துக் கொட்டினார்கள். அடியில் மூலவர் கை உடைந்து சாய்ந்து கிடந்தார். சண்முகம் ஐயா பழனியில் திருப்பணிக் கமிட்டி ஒன்றைச் சேர்த்தார். ஆபீஸ் ஆபீஸாக நடந்தார். எங்கள் கண் முன்னாலேயே அவர் தலை நரைத்தது.

கடைசியில் அரசாங்கம் அனுமதி கொடுத்தது. என்ஜினீயர் வந்தார். மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும் என்ற பேச்சும் வந்தது. அது வரும் என்று எங்களுக்குத் தெரியும். கயிறு மரத்தைத் தாண்டிப் போகும் என்று மட்டும் தெரியாது.

அன்று மதியம் சண்முகம் ஐயா சுனையில் கால் கழுவிக்கொண்டிருந்தார். ராமையா பட்டை உரிக்கப் போயிருந்தார். அவரிடம் கேட்காமல்தான் ஐயாவிடம் போனேன்.

"ஐயா, அந்த மரத்த வெட்ட வேணாம்னு சொல்லுங்க."

"ஏன் தாயி? வேர் கல்லைப் பேத்துரும்னு என்ஜினீயர் சொல்றாரில்ல."

"அங்க என் மகன் இருக்கான்."

அவர் மரத்தைத் திரும்பிப் பார்த்தார். யாரோ ஒரு பையன் அங்கே நிற்கிறானா என்று தேடினார். "எங்க, காணமே?" என்றார்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். மறுபடி மரத்தைப் பார்த்தார். அதன் அடியைப் பார்த்தார்.

"எப்ப?"

"நீங்க வாறதுக்கு மொத வருசம். அது கோயிலுக்கு உள்ளனு தெரியாதுங்கய்யா. சத்தியமாத் தெரியாது."

அவர் ஒரு காலைக் கழுவியிருந்தார். இன்னொன்றில் சேறு அப்படியே இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, துணிப்பையைக்கூட எடுக்காமல், பழைய பாதையில் இறங்கிப் போய்விட்டார்.

மண்வெட்டி

ராமையாவிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.

"அவுக தோண்டுனா என்னத்தையோ மாதிரி அள்ளிப் போடுவாக. அதுக்கு முந்தி நாமளே எடுத்து வேற எடத்துல வச்சிருவம்" என்றார்.

"எனக்கு ஏலாது."

"நீ வர வேணாம்."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். நான் மண்டபத்தை விட்டு அசையவில்லை. சத்தம் வரும் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு, பாதி உரித்த பூண்டைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய்ந்து அவர் திரும்பி வந்தார். மண்வெட்டியைத் தூணில் சாய்த்து வைத்தார். அதன் வாயில் துளி மண் இல்லை.

"சோறு போடு" என்றார். போட்டேன்.

சண்முகம் ஐயா வராத நாட்கள் ஒவ்வொன்றும் நீண்டன. கமிட்டியில் சொல்லியிருப்பார், போலீசைக் கூட்டிக்கொண்டு வருவார் என்று மற்றக் குடும்பங்கள் பயந்தன. அவர்களும் எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. லெட்சுமியக்கா மட்டும், "மனுசன் நல்ல மனுசன். ஆனா சாமி விசயமாச்சே" என்று இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருந்தாள்.

சுவர்

அஸ்திவாரம் தோண்டப் பழனியிலிருந்து கொத்தனாரும் ஆட்களும் வந்த அன்றைக்கு, அவர்களோடு சண்முகம் ஐயாவும் வந்தார். முகம் வாடியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை. நேரே என்ஜினீயரிடம் போனார்.

"இந்தப் பக்கம் சுவரைக் கொஞ்சம் உள்ள இழுத்துக் கட்டிருவோங்க. மரம் வெளிய நிக்கட்டும்."

"பழைய அஸ்திவாரம் நேராப் போகுதே, பெரியவரே?"

"அடியில பாறை கெடக்குங்க. வெடி வச்சா கோயிலுக்கு ஆகாது. கடப்பாறையில ஒடைக்க இந்த வருசம் பத்தாது."

"பாறையை நீங்க பார்த்தீங்களா?"

"எங்க தாத்தா பார்த்திருக்காரு."

என்ஜினீயர் மேகத்தைப் பார்த்தார். மழைக்கு முன் கொடைக்கானல் போய்ச் சேர வேண்டும் அவருக்கு. "சரி, வளைச்சே கட்டுங்க. பார்க்கத்தான் நல்லா இருக்காது" என்று சொல்லிவிட்டு ஜீப்புக்கு நடந்தார்.

கொத்தனார் புதிதாகக் கயிறு பிடித்தார். இந்த முறை அது மரத்துக்கு இந்தப் பக்கமாக வளைந்து போனது.

மாலையில் ஐயா மண்டபத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"யார்கிட்டயும் கேக்கல தாயி. கேட்டா ஆளுக்கொரு பரிகாரம் சொல்லுவாக. எல்லாப் பரிகாரமும் தோண்டுறதுலதான் ஆரம்பிக்கும்."

நான் கை கூப்பினேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"ஆனா ஒண்ணு. பூசைக்கு நான் நிக்க மாட்டேன். சுவரை நகட்டிப்புட்டேன். கோயில் எல்லையும் சேந்து நகந்துச்சான்னு எனக்குத் தெரியல. அங்க என்ன இருக்குன்னு தெரியாதவன் வந்து மணியாட்டட்டும். தெரிஞ்சுக்கிட்டு என்னால ஆகாது."

"ஐயா, இதுக்காகத்தானே இத்தன வருசம்…"

"ஆமா" என்றார். விட்டுப்போன துணிப்பையை லெட்சுமியக்கா எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு இறங்கினார்.

நன்றி என்ற வார்த்தை அன்று என் வாயில் வரவில்லை. இப்போது எழுதும்போதும் அந்த இடத்தில் பேனா நின்றுதான் போகிறது.

"யாருமில்லாமல் கிடந்த கோயில்"

பூண்டிக்குக் கீழே பூண்டுத் தோட்டங்களை ஒட்டிய சரிவில் எங்களுக்குத் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். பகலில் வெயில் ஏறினால் உள்ளே இருக்க முடியாது. பனி இறங்கினால் தகரத்திலிருந்து சொட்டும். ஆனாலும் நான்கு பக்கமும் சுவர் இருந்தது. இந்தச் சுவர் அந்த ஐப்பசி மழைக்கு முன்னால் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. ராமையாவும் அதைத்தான் நினைத்திருப்பார்.

காலி செய்த அன்று பெண்கள் எல்லோருமாக மண்டபத்தைக் கூட்டிக் கழுவினோம். என் தூணிலிருந்த பெண்ணைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன். புகைக்கரி போகவில்லை. பிறகு வந்த வேலையாட்கள் ஏதோ மருந்து போட்டுப் போக்கிவிட்டார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கும்பாபிஷேகம் நடந்தது. பழனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் கார்கள் வந்தன. எங்களுக்கும் சாப்பாடு உண்டு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மைக் பிடித்த ஒரு பெரிய மனிதர், "நூறு வருடங்களாகக் காட்டுக்குள் யாருமில்லாமல் அநாதையாகக் கிடந்த இந்த ஆலயம்" என்று தொடங்கினார்.

"யாருமில்லாமயா? அப்ப நாமெல்லாம் என்ன, ஆடா மாடா?" என்றாள் லெட்சுமியக்கா. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

பூசைக்கு வெளியூர் இளைஞர் ஒருவரை நியமித்திருந்தார்கள். நல்ல குரல் அவருக்கு. சண்முகம் ஐயா வீட்டு மாடத்திலிருந்த உற்சவர், பட்டு உடுத்தி மாலை போட்டு உள்ளே நின்றார். புது மூலவர் மேல் பால் வழிந்தது. ஐயா கூட்டத்தோடு கூட்டமாகப் படிக்குக் கீழே நின்று, கலசத்தில் தண்ணீர் விழும்போது கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே வரச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். முழங்காலைக் காட்டிக் கையசைத்துவிட்டார்.

ராமையா வரவில்லை. அதன் பிறகும் அவர் அந்தக் கோயிலுக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

சித்தர்

அதன் பிறகு நான் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியின் குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தக் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும். சில வருஷம் கழித்து, மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு விடுமுறை நாளில் கோயிலுக்குப் போனேன். அவளுக்குத் தாவணி போடுகிற வயது.

காட்டுப்பூவரசு பூத்திருந்தது. சிவப்புப் பூக்கள் சுவரின் வளைவுக்குள்ளும் வெளியிலும் கொட்டிக் கிடந்தன. மரத்தைச் சுற்றி யாரோ மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். அடியில் ஒரு கல் நட்டு, சந்தனம் பூசி, அகல் விளக்கு ஏற்றியிருந்தது. ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தாள். மன்னவனூர்ப் பக்கத்துப் பெண் என்று பேச்சில் தெரிந்தது.

"இங்க என்னம்மா?" என்று கேட்டேன்.

"சித்தர் சாமிங்க. இந்த எடத்துல அடங்கியிருக்காரு. சுவர் கட்டுறப்ப கடப்பாறையே எறங்கலயாம். அதான் வளைச்சுக் கட்டியிருக்காக, பாருங்க. பிள்ளைகளுக்கு ரொம்ப நல்லதுங்க. எம் பிள்ளைக்கு மூச்சு இழுப்பு இருந்துச்சு. இங்க துன்னூறு போட்டதும் கேட்ருச்சு."

கல்லடியில் இருந்த தட்டிலிருந்து விபூதியை எடுத்து என் நெற்றியிலும் மகள் நெற்றியிலும் பூசினாள். மகளுக்கு எல்லாம் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள். நான் அந்தக் குழந்தையைப் பார்த்தேன். கொழுத்த குழந்தை. விளக்கைப் பிடிக்கக் கை நீட்டிக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்கட்டும்மா" என்றேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் மனசு ஓயவில்லை. சந்தோஷமா, கோபமா என்று எனக்கே பிடிபடவில்லை. களைப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த வாரம் வடகவுஞ்சி வழியாகப் பஸ் பிடித்துப் பழனிக்கு இறங்கினேன். அடிவாரத்தில் அந்தக் கடையைத் தேடிக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. சண்முகம் ஐயா மிகவும் மெலிந்திருந்தார். பித்தளை வேல்களைச் சாம்பல் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு முக்காலியை இழுத்துப் போட்டார்.

மஞ்சள் துணியைப் பற்றியும் விளக்கைப் பற்றியும் அந்தப் பெண் சொன்னதைப் பற்றியும் சொன்னேன். வேலைத் துடைத்தபடியே கேட்டார். சித்தர் என்று நான் சொன்ன இடத்தில் கை நின்றது. சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அன்னிக்குக் கேக்காம விட்டுட்டேன் தாயி. பையனுக்கு என்ன பேரு வச்சிருந்தீங்க?"

அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கூட இருந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவைப்படவில்லை. ராமையா அந்தப் பெயரைச் சொல்லி வருஷங்கள் ஆகியிருந்தன. நானும் மனசுக்குள் மட்டும்தான் வைத்திருந்தேன்.

"கதிர்காமன்" என்றேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

"கதிர்காமன்" என்று அவர் திருப்பிச் சொன்னார். கடைவாசலில் காவடிக் கூட்டம் ஒன்று மேளத்தோடு போய்க்கொண்டிருந்தது. அது கடந்து போகும்வரை காத்திருந்து, சரியாகச் சொன்னோமா என்று சந்தேகப்பட்டவர் போல, இன்னொரு தடவையும் சொன்னார்.